ஃபார்ம் 700-இல் அப்பாவின் கையெழுத்து

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

குரூப் கேப்டன் திலீப் பருல்கர் காலமாகிவிட்டார். விமானப்படையின் இரங்கல் செய்தியை நேற்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அவர் 26 ஸ்குவாட்ரன். சுகோய்-7 ஓட்டினவர்" என்றார். அப்பா 22 ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவர். பருல்கரோடு பழகியதில்லை. ஆனாலும் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

1971 டிசம்பரில் பாகிஸ்தான் பக்கம் சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதானவர் பருல்கர். ராவல்பிண்டி முகாமில் சுவரைக் குடைந்து, 1972 ஆகஸ்ட் 13 அன்று மல்விந்தர் சிங் கிரெவால், ஹரிஷ் சின்ஹ்ஜி இருவரோடும் தப்பித்தார். பெஷாவர் வழியாக லண்டி கோட்டல் வரை போய்விட்டார்கள். ஆப்கன் எல்லை இன்னும் சில மைல்தான். அங்கே லண்டி கானாவுக்கு வழி கேட்டார்கள். அது பழைய வரைபடத்தில் இருந்த ரயில் நிலையம், 1932-லேயே மூடப்பட்டது. அந்தக் கேள்விதான் மாட்டிவிட்டது.

இதைச் சொல்பவர்கள் எல்லாரும் அந்த மூவரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு மனசு போவது முகாமில் பின்தங்கியவர்கள் பக்கம். சுவர் குடையும் சத்தம் வெளியே கேட்காமல் காவல் இருந்தவர்கள் அவர்கள். தாங்கள் போகப்போவதில்லை என்று தெரிந்தே உதவினார்கள், அப்புறம் அதற்காக லயல்பூர் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். 1972 டிசம்பர் 1 அன்று எல்லாரும் வாகா வழியாக வீடு திரும்பினார்கள். அந்த மற்றவர்களின் வீட்டிலும் நேற்று யாராவது இந்தச் செய்தியை வாசித்திருப்பார்கள்.

7 செப்டம்பர் 2025, ஞாயிறு

அறுபது வருடம் ஆகிறது. 1965-இல் இதே நாள், பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தைத் தாக்க 1-ஆம் ஸ்குவாட்ரனின் மிஸ்டேர் விமானங்கள் போயின. குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஏ.பி. தேவய்யா அன்று காத்திருப்பில் வைக்கப்பட்டவர். அவரும் பின்னால் சென்று சேர்ந்துகொண்டார். திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் இங்கே தெரிந்தது. அவர் தன் விமானத்தைவிட வேகத்தில் எவ்வளவோ மிஞ்சிய பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்றோடு சண்டையிட்டு அதை வீழ்த்தினார் என்பது பல வருடம் கழித்து, அந்தப் பக்கத்து விவரங்கள் வெளியான பிறகே தெரிய வந்தது. 1988-இல் மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். வாங்கியவர் அவர் மனைவி சுந்தரி தேவய்யா.

இருபத்து மூன்று வருடம். அத்தனை காலமும் அந்த அம்மாவுக்குக் கணவர் "காணாமல் போனவர்". பதக்கத்தைவிட, என்ன நடந்தது என்று ஒருவர் வந்து சொன்னதுதான் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

19 செப்டம்பர் 2025, வெள்ளி

இன்னொரு அறுபதாம் ஆண்டு. 1965-இல் இதே நாள் குஜராத் முதலமைச்சர் பல்வந்த்ராய் மேத்தா சென்ற பீச்கிராஃப்ட் விமானம் கட்ச் பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஓட்டியவர் ஜஹாங்கீர் இன்ஜினியர், 'இன்ஜினியர்' என்ற குடும்பப்பெயரோடு விமானப்படையில் பேர் பெற்ற சகோதரர்களில் ஒருவர். உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை. சுட்ட பாகிஸ்தான் விமானி கைஸ் ஹுசைன், 2011-இல் ஜஹாங்கீரின் மகளுக்குக் கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தார். மகள் பதில் போட்டார், கசப்பு இல்லாமல்.

அந்தப் பதிலை அப்பாவிடம் சொன்னபோது வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "எழுதினது பெரிசுன்னா, பதில் போட்டது அதைவிடப் பெரிசு" என்றார்.

26 செப்டம்பர் 2025, வெள்ளி

காலையிலிருந்து டிவி முன்னால்தான். சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு வழியனுப்பு. 1963-இல் முதல் மிக்-21 ஸ்குவாட்ரன் உருவானதும் இதே சண்டிகரில்தான், தில்பாக் சிங் தலைமையில். இன்று கடைசியாகப் பறந்தவற்றுள் 23 ஸ்குவாட்ரனின் விமானங்களும் உண்டு. அந்த ஸ்குவாட்ரன் 1965-இல் நாட் விமானங்களை வைத்திருந்தது, டிரெவர் கீலர் அதில்தான் இருந்தார். அப்பா இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார், மாத்திரை சாப்பிட்டதா இல்லையா என்பதுதான் மறந்துபோகிறது.

விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் தானே ஒரு விமானத்தில் பறந்து இறங்கினார். விமானங்கள் மேல் இருபுறமும் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். கூட்டத்தில் வயதான விமானிகள், சிலர் கைத்தடியோடு, சிலர் பேரப்பிள்ளைகளோடு. அப்பா அமைதியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். தளபதி ஃபார்ம் 700-ஐப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங்கிடம் ஒப்படைத்தபோது மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது யாரோட புக்கு தெரியுமா? எங்களோடது."

ஃபார்ம் 700 என்பது ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள பதிவேடு. என்ன பழுது வந்தது, யார் சரி பார்த்தது, எவ்வளவு எரிபொருள், எவ்வளவு குண்டு, எல்லாம் அதில் இருக்கும். இன்ஜின்காரர், உடல்பகுதி பார்ப்பவர், மின்சாரம், ரேடியோ, ஆயுதம் என்று ஒவ்வொருவரும் தன் வேலை முடிந்ததும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாக விமானி போடுவார். அதற்குப் பிறகுதான் விமானம் அவர் பொறுப்பு. இருபத்தைந்து வயதில் அப்பா போட்ட ஒவ்வொரு கையெழுத்துக்கும் அர்த்தம், "இந்த இன்ஜின் உங்களைத் திருப்பிக் கொண்டுவரும்" என்பதுதான்.

அந்தப் பதிவேடுகள் எல்லாம் எங்கே போயினவோ. விமானிகளின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். அந்தக் கையெழுத்துகளைப் போட்டவர்களை அவர்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இதை எழுதும்போது எனக்குக் கோபம்கூட வருகிறது.

19 அக்டோபர் 2025, ஞாயிறு

நாளை தீபாவளி. முறுக்குக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு உட்கார்ந்து போன் போட்டேன். 1971-இல் அப்பாவின் ஸ்குவாட்ரன் பொய்ராவில் வான்சண்டை போட்ட நவம்பர் 22-ஐ ஒட்டி, அவருடைய பழைய ஸ்குவாட்ரன்காரர்கள் கோவையில் நம் வீட்டிலேயே கூடுவது என்று முடிவு. சங்கம், பேனர் எதுவும் கிடையாது. வர முடிந்தவர்கள் வருவார்கள்.

அப்பாவின் டைரியில் உள்ள எண்களில் பாதி இப்போது வேலை செய்யவில்லை. சில எண்களை மகனோ மருமகளோ எடுக்கிறார்கள். "மாமா இல்லையேம்மா, போன வருஷமே…" என்று ஆரம்பித்தால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பேன். திருச்சியிலிருந்து ஒரு மருமகள், "அவர் இல்லாட்டி என்ன, அத்தையைக் கூட்டிட்டு வர்றேன். அவங்களும் கலைகுண்டாவுல இருந்தவங்கதானே" என்றாள். கலைகுண்டா மேற்கு வங்கத்தில் உள்ள விமானப்படைத் தளம். அவள் சொன்னது நியாயம்தான். நாங்கள் அதுவரை அப்படி யோசிக்கவே இல்லை. அதற்குப் பிறகு பட்டியலில் விதவைகளையும் சேர்த்தோம்.

22 நவம்பர் 2025, சனி

எல்லாரும் இப்போதுதான் கிளம்பினார்கள். கால் வலிக்கிறது, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

பொய்ராவில் நடந்தது இதுதான். 1971 நவம்பர் 22, போர் முறையாக அறிவிக்கப்படுவதற்கு முன். கிழக்கு பாகிஸ்தான் எல்லையோரம் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தாக்கிக்கொண்டிருந்தன. கல்கத்தாவை ஒட்டிய டம் டம் விமானதளத்தில் காத்திருந்த 22 ஸ்குவாட்ரனின் நான்கு நாட் விமானங்கள் மதியம் மூன்று மணிவாக்கில் கிளம்பின. ராய் மாஸி, கணபதி, டொனால்ட் லாசரஸ், சோரஸ். ராடாரில் வழிநடத்தியவர் பாக்சி. மேலே சண்டை சில நிமிடம்தான். சேபர்களில் இரண்டு விழுந்தன, அவற்றின் விமானிகள் பாராசூட்டில் நம் பக்கம் இறங்கினார்கள். மூன்றாவது தப்பி டாக்கா போய்ச் சேர்ந்தது. நம் நான்கும் திரும்பின. மாஸி, கணபதி, லாசரஸ் மூவருக்கும் வீர் சக்ரா.

அப்பா சொன்னது தரையில் நடந்ததை. நாட் மிகச் சின்ன விமானம், இறக்கையின் மொத்த அகலமே ஏழு மீட்டருக்குள். தரையில் நின்றபடியே வேலை பார்க்கலாம், பெரிய ஏணி வேண்டாம். கிளம்பிய பிறகு வேலை ஒன்றும் இல்லை, வானத்தைப் பார்ப்பதுதான் வேலை. "முதல்ல சத்தம் வரும். அதை எண்ணுவோம். நாலு வந்துச்சான்னு. அதுக்கப்புறம்தான் மூச்சே வரும்." பாலக்காட்டு மாமா ஆயுதப் பிரிவு. திரும்பிய விமானத்தின் துப்பாக்கி வாயில், சுட்டதற்கு அடையாளமான கரியைப் பார்த்ததும் கத்திக்கொண்டே ஓடினாராம். அடுத்த நிமிடமே வயிற்றைப் பிசைந்திருக்கிறது, ஏனென்றால் மாஸியின் துப்பாக்கிகளில் ஒன்று நடுவில் நின்றுபோயிருந்தது. நாட் விமானத்தின் துப்பாக்கிகளுக்கு அந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. ஊரே கொண்டாடிய அந்த ராத்திரி ஆயுதப் பிரிவு தூங்கவில்லை, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தது. இதைச் சொல்லும்போது மாமாவுக்குக் குரல் உடைந்தது. ஐம்பத்து நான்கு வருடத்துக்குப் பிறகும் அந்தத் துப்பாக்கி அவர் மனசில் நின்றுகொண்டே இருக்கிறது.

அப்புறம் பேச்சு லாசரஸ் பக்கம் திரும்பியது. ஓய்வுக்குப் பின் குன்னூரில் குடியேறியவர், அதனால் இங்கே எல்லாருக்கும் அவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. அன்று பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டவர்களில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. ஆத்திரத்தில் அடிக்கப் பாய்ந்த ஜவான்களிடமிருந்து அவரைக் காப்பாற்றியவர் தரைப்படையின் 4-ஆவது சீக்கியப் பட்டாலியனைச் சேர்ந்த இளம் அதிகாரி ஹெச்.எஸ். பனாக். குரேஷி பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைக்கே தளபதி ஆனார். அப்போது லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார், குரேஷியும் மரியாதையாகப் பதில் எழுதினார். மதுரைக்காரர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம ஆளுங்க எத்தனை பேர் அங்க செத்தாங்க" என்றார். யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. அவர் தம்பி தரைப்படையில் இருந்து 1971-இல் போனவர். கடிதம் எழுதவும் ஒரு மனசு வேண்டும், எழுத முடியாதவர்களின் மனசையும் குறை சொல்ல முடியாது. நான் கடிதத்தின் பக்கம்தான், ஆனால் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் முன்ஹாலில் அசந்துவிட்டார்கள். பெண்கள் சமையலறையில். உண்மையில் இன்றைய கூட்டம் அங்கேதான் நடந்தது. திருச்சி அத்தைக்கு எண்பதை நெருங்குகிறது. கலைகுண்டா குடியிருப்பில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டி, கைக்குழந்தையோடு இருட்டில் உட்கார்ந்த கதையைச் சொன்னார். வங்காளி தெரியாது, இந்தி அரைகுறை. கணவர் டம் டம் போயிருக்கிறார் என்பதுகூட அவருக்குச் சொல்லப்படவில்லை, ரகசியம். விமானிகளின் மனைவிகளும், தரைப்பணியில் இருந்த ஏர்மேன்களின் மனைவிகளும் சாதாரண நாளில் கலந்து பழகுவது குறைவு. அந்த வாரங்களில் மட்டும் எல்லாரும் ஒரே வராந்தாவில். "ஜீப்பு வந்தா எல்லாரும் உள்ள ஓடிருவோம். யார் வீட்டு வாசல்ல நிக்கப்போகுதோன்னு."

"அத்தை, இதை இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"யார் கேட்டா?"

5 டிசம்பர் 2025, வெள்ளி

இன்று ஃப்ளைட் லெஃப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பே காணாமல் போன நாள். 32 ஸ்குவாட்ரன், சுகோய்-7, 1971. அவர் மனைவி தமயந்தி தாம்பே பேட்மின்டனில் தேசிய சாம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர். கல்யாணம் ஆகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. பாகிஸ்தான் பத்திரிகை ஒன்றில், பிடிபட்ட இந்திய விமானிகளின் பெயர்களில் "டாம்பே" என்று ஒரு பெயர் வந்தது. கைதிகள் திரும்பியபோது விஜய் தாம்பே அந்தக் கூட்டத்தில் இல்லை. இப்படி 54 பேர் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. 2007-இல் உறவினர்கள் 14 பேர் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்த் தேடினார்கள், தமயந்தியும் போனார். பலன் இல்லை.

சமையலறையில் அன்று கேட்ட ஜீப் கதைக்குப் பிறகு இதை வாசிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. திருச்சி அத்தை பயந்தது ஜீப் வருவதற்கு. தமயந்தி தாம்பேயின் வாசலுக்கு உறுதியான செய்தி என்று எதுவுமே வரவில்லை. எந்தக் கூட்டத்திலும் எந்த நாற்காலியில் உட்கார்வது என்பதுகூட அவர்களுக்குத் தீராத கேள்வி, மனைவிகள் பக்கமா விதவைகள் பக்கமா என்று. அரசாங்கங்கள் மாறிவிட்டன, கேள்வி மட்டும் அப்படியே. பதில் சொல்லும் கடமை இரண்டு நாட்டுக்கும் இருக்கிறது.

14 டிசம்பர் 2025, ஞாயிறு

நிர்மல்ஜித் சிங் சேகோன் நாள். 18 ஸ்குவாட்ரன், அதுவும் நாட்தான். 1971-இல் ஸ்ரீநகரை ஆறு சேபர்கள் தாக்கியபோது ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கவே மேலெழும்பியவர். விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. புதிதாகக் கல்யாணம் ஆனவர். அந்த ஸ்குவாட்ரன்தான் 2020 மே 27 அன்று இங்கே சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது. கொரோனா ஊரடங்கு நேரம். அப்பா மொட்டைமாடியில் முகக்கவசத்தோடு நின்று சத்தத்தை மட்டும் கேட்டார்.

சேகோனின் தந்தையும் விமானப்படைக்காரர், வாரண்ட் ஆபீசராக இருந்தவர் என்று அப்பா இன்று சொன்னார். "நம்ம மாதிரி ஆளோட பையன்."

சமையலறையில் கேட்டதை நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் அப்பா சொல்லச் சொல்ல டம் டம்மில் அன்று இருந்த தரைப்பணிக்காரர்களின் பெயர்கள், அவரவர் வேலையோடு. எதிர்ப்பக்கத்தில் வீட்டில் இருந்தவர்களின் பெயர்கள். இந்தப் பக்கம்தான் நகரமாட்டேன் என்கிறது. "சார்ஜென்ட் வீட்டம்மா", "குட்டிப் பையனோட அம்மா" என்றுதான் அப்பாவுக்கு நினைவில் இருக்கிறது. பாலக்காட்டு மாமாவுக்கும் அப்படித்தான். திருச்சி அத்தைக்குத் தெரிந்திருக்கும். பொங்கலுக்கு முன் நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். பழைய போட்டோக்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, இறக்கி வைக்கச் சொல்கிறேன் என்றார்.