வலது பக்கம் திரும்பிப் படுத்தால்

போன சித்திரையில் ஒருநாள் விடியக்காலம் நாலரை மணிக்கு, "வீடே சுத்துதுடா, என்னயப் பிடி" என்று அம்மா கத்தினாள். தூக்கத்தில் வலது பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள், அவ்வளவுதான். அரை நிமிஷத்தில் நின்றுவிட்டது. எழுந்து உட்காரும்போது மறுபடி சுற்றி வாந்தி எடுத்தாள். அன்றைக்குத் தோட்டத்து ஜீப் அவளை விட்டுவிட்டுப் போனது.

கம்பத்தில் எங்கள் தெருவில் பாதிப்பேர் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். காலையும் சாயங்காலமும் அந்த வளைவுகளில் குலுங்குகிறவர்களுக்குத் தலைசுற்றல் ஒரு நோயாகவே படாது. பித்தம் என்பார்கள், எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பார்கள். அம்மாவுக்கும் கொடுத்தோம். அப்புறம் ஒரு கிளினிக்கில் பிரஷர் பார்த்தார்கள், கழுத்தை எக்ஸ்ரே எடுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள், மாத்திரை எழுதினார்கள். மாத்திரைக்குத் தூக்கம் வந்தது, சுற்றல் நிற்கவில்லை. மூன்று வாரக் கூலி போனது. எப்படிப் படுத்தால் சுற்றுகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான்.

தோட்டத்துக் கங்காணி சொல்லித்தான் மலைக்கு மேலே, கேரளப் பக்கம் இருக்கிற ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டதே அந்தக் கேள்விதான். அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, முகத்தை வலது பக்கம் பாதி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்கியது. "பேடிக்கண்ட அம்மா, கண்ணடைக்கல்லே" என்றார். தோட்டத்து மலையாளம் அம்மாவுக்குப் பழக்கம், கண்ணை மூடாமல் என் கையை இறுக்கிக்கொண்டாள். நான் குனிந்து பார்த்தேன். சில விநாடி ஒன்றுமில்லை. பிறகு இரண்டு கருவிழியும் தானாக, வட்டம் போடுகிற மாதிரி, ஒரே திசையில் வெட்டி வெட்டி இழுத்தன. எண்ணி இருபது விநாடி இருக்கும், அடங்கிவிட்டது.

உள்காதில் பூமியின் இழுப்பை உணர்கிற ஒரு பை இருக்கிறது. அதன் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள், சுண்ணாம்புப் பொடி மாதிரி, ஒட்டிக்கொண்டிருக்கும். அவை உதிர்ந்து, தலை திரும்புவதை உணர்கிற மூன்று அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள் போய்விட்டால், படுக்கும்போது துகள் சரிந்து உள்ளேயிருக்கிற நீரையும் அசைத்துவிடும். தலை சுழல்கிறது என்று காது பொய்ச்செய்தி அனுப்பும், அதை நம்பிக் கண்ணும் ஓடும். இதற்கு பி.பி.பி.வி. (BPPV) என்று பெயர், தலை நிலை மாறும்போது திடீரென்று வந்துபோகிற, ஆபத்தில்லாத தலைசுற்றல் என்று அர்த்தம்.

காதுக்கும் கண்ணுக்கும் உள்ள இந்தத் தொடர்பை நோயறியும் வழியாக்கியவர் ராபர்ட் பாரனி. வியன்னாக்காரர். காதைக் கழுவ நீர் பீய்ச்சும்போது நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதையும் கண் துடிப்பதையும் பார்த்திருக்கிறார். ஒருநாள் ஒரு நோயாளி, தண்ணீர் ஆறிப்போயிருந்தால்தான் எனக்குச் சுற்றுகிறது என்று சொல்லியிருக்கிறார். பிறகு சூடு அதிகமான தண்ணீரை விட்டுப் பார்த்தால், கண் எதிர்த் திசையில் துடித்தது! அடுப்பில் வைத்த பாத்திரத்தில் சூடான நீர் மேலேறுவதுபோலத்தான் காதுக்குள்ளும் நடக்கிறது என்று அவர் பிடித்துவிட்டார். நோயாளி புலம்பியதைக் காது கொடுத்துக் கேட்டதால் வந்த கண்டுபிடிப்பு இது, எனக்கு அவர்மேல் அப்படியொரு மரியாதை. 1914-க்கான நோபல் பரிசு அவருக்குத்தான். செய்தி வந்தபோது ரஷ்யாவிடம் போர்க்கைதியாக இருந்தார். ஸ்வீடன் இளவரசர் தலையிட்டு 1916-இல் விடுதலை, பிறகு உப்சாலாவில் பேராசிரியர். படுக்கும் நிலையைப் பொறுத்து வருகிற இந்தத் தலைசுற்றலை 1921-இலேயே 27 வயதுப் பெண் ஒருவரிடம் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அம்மாவைச் சாய்த்துப் பார்த்த முறை 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இரண்டு டாக்டர்கள் விவரித்தது.

வைத்தியம் ஜான் எப்ளி என்ற அமெரிக்க டாக்டருடையது. மருந்து கிடையாது. தலையை இடப்பக்கம் திருப்பி, உடம்போடு உருட்டி, மூக்கு தரையைப் பார்க்கவைத்து, கடைசியில் எழுப்பி உட்காரவைப்பது. ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் இருந்தால் துகள்கள் வந்த வழியே பைக்குத் திரும்பிவிடும். இவ்வளவு எளிதா என்று சக டாக்டர்களே பல வருஷம் நம்பவில்லை, அவருடைய விரிவான கட்டுரை வந்தது 1992-இல். அம்மாவுக்கு மொத்தம் ஐந்து நிமிஷம் ஆனது. அன்று ராத்திரி வலது பக்கம் படுத்துத் தூங்கினாள்.

எல்லாத் தலைசுற்றலும் இது இல்லை. வாய் குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கை கால் மரத்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஆனால் படுத்தால், புரண்டால் மட்டும் சில விநாடி சுற்றுகிறதென்றால், மாத்திரை எழுதுவதற்கு முன்னால் படுக்கவைத்துக் கண்ணைப் பாருங்கள் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இது திரும்ப வரக்கூடியது. கார்த்திகையில் அம்மாவுக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை அவள் கத்தவில்லை. சுற்றல் அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, "அதே வலது காதுதான்டா, மேல டாக்டர்ட்ட போயிட்டு அப்படியே காட்டுக்குப் போயிருவேன்" என்று தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு முதல் ஜீப்புக்கே கிளம்பிவிட்டாள்.