அப்பாச்சி: எக்கோ ஒருவழியாகப் பிடிபட்டது

பிரிட்டனின் ஷாடோஸ் குழு கிதாரில் வாசித்த ‘அப்பாச்சி’யில் நடுவே வரும் மியூட் பகுதி (கம்பியை அடக்கி வாசிப்பது) கடைசியில் உட்கார்ந்துவிட்டது. மெலடி பெரிய விஷயமில்லை, ஏ மைனரும் டி மேஜரும் மாறிமாறி வரும். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் எலக்ட்ரிக் கிதார்) கையில் வைத்திருக்கும் எல்லாரும் ஒருமுறையாவது வாசித்திருப்பார்கள். கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ் ஓரம் உள்ளங்கையை அழுத்தி வாசிக்கும் இடம்தான் வம்பு. எக்கோ பிசகினால் அங்கே வெறும் ‘டொக் டொக்’ மட்டுமே மிஞ்சும்.

1960 ஜூனில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் இது பதிவானபோது ஷாடோஸின் முதன்மைக் கிதார்காரர் ஹாங்க் மார்வினிடம் இருந்தது இத்தாலியின் மெயட்ஸி எக்கோ பெட்டி. அவருக்கு அதைக் கொடுத்தவர் இன்னொரு கிதார்காரரான ஜோ பிரவுன். அந்தப் பெட்டியில் பதிந்த ஒலியைத் திரும்ப வாசிக்கும் பிளேபேக் ஹெட்கள் பல உண்டு. ஒற்றை டிலே பெடல் (எதிரொலி தரும் கால்பெட்டி) எத்தனை விலை கொடுத்து வாங்கியதானாலும் இங்கே தோற்பது அதனால்தான்: ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் எதிரொலி தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கும். பல ஹெட்கள் தரும் எதிரொலிகள் ஒன்றின் வாலை இன்னொன்று மூடி, தாளமாகவே மாறிவிடும்.

இப்போது நிற்கும் செட்டிங் இது. தாளம் காட்டும் கிளிக் நிமிடத்துக்கு 130. 60,000-ஐ 130-ஆல் வகுத்தால் ஒரு பீட்டுக்கு 461.5 மில்லிவிநாடி. அதில் முக்கால் பங்கு 346. அது முதன்மை எதிரொலியின் இடைவெளி. அதன் பாதியான 173-இல் இன்னொன்று, சத்தம் முதலாவதில் பாதிக்கும் கீழே. ஃபீட்பேக் (எதிரொலி எத்தனை முறை திரும்பும் என்பது) இரண்டு முறை கேட்டு மறையும் அளவு, அதற்கு மேல் ஏற்றினால் மியூட் பகுதி சேறாகிவிடும். எதிரொலியில் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டியாக வேண்டும். பளிச்சென்ற டிஜிட்டல் எதிரொலி நேரடி ஸ்வரத்தோடு சண்டை போடும். பழைய காந்த நாடாவின் லேசான தள்ளாட்டத்துக்கு மாடுலேஷன் (சுருதியை லேசாக அசைப்பது), காதில் தனியாக விழாத அளவுக்கு.

பெடலை ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் முதல் கட்டத்துக்குப் பிறகு பெடலைச் செருகும் வழி) போடாதீர்கள். அந்தக் காலத்தில் எக்கோ பெட்டி ஆம்புக்கு முன்னால்தான் இருந்தது. எதிரொலியும் சேர்ந்து வால்வுக்குள் போய் நசுங்குவதால் அழுத்தி வாசிக்கும்போது பின்வாங்கும், விட்டதும் மேலே எழும். லூப்பில் அது நடக்காது.

கை கிளிக்கை விட்டு ஓடுவதுதான் அடுத்த சிக்கல். 134-க்கு ஓடிவிட்டால் சரியான டிலே 336 ஆகிவிடும், பெடலோ 346-லேயே நிற்கும். அந்த 10 மில்லிவிநாடி மெலடியில் தெரியாது, மியூட் பகுதியில் நொண்டும். அதனால் டிரம்ஸை முதலில் பதிந்துகொண்டு அதன்மேல் வாசிப்பதே நல்லது.

கம்பி விஷயத்தில் கொஞ்சம் புலம்ப வேண்டும். கடைகளில் 9, 10 செட்டுகளே (எண் மெல்லிய கம்பியின் தடிமன், ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில்) குவிந்து கிடக்கின்றன. இந்தப் பாட்டுக்கு 12–52, மூன்றாவது கம்பி 24 கேஜ் சுற்றுக்கம்பி. சுற்றாத மூன்றாவது கம்பியில் மெலடி கீச்சென்று மெலிந்துவிடுகிறது. செட்டாகக் கிடைக்காவிட்டால் ஜாஸ் கம்பிகளில் தேடுங்கள், அல்லது ஒற்றைக் கம்பியாகக் கேளுங்கள். 17 கேஜ் கம்பிக்கு அறுத்த நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் 24 சிக்கிக்கொள்ளும். ட்ரெமோலோ கையை ஒருமுறை தொட்டாலே ட்யூனிங் போய்விடும். பள்ளத்தை அகலப்படுத்தி (ஆழப்படுத்தக் கூடாது), பென்சில் கரி தடவுங்கள். பின்னால் ட்ரெமோலோ ஸ்பிரிங் ஐந்தும் போட வேண்டும், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு பாடும் தேவைதான் என்பது கிதார்காரர் பெர்ட் வீடன் இதே மெட்டை வாசித்ததைக் கேட்டால் தெரியும். இயற்றிய ஜெர்ரி லார்டன் முதலில் அவரிடம்தான் கொடுத்தார். பதிவு திருப்தியாக இல்லை. பிறகு ஒரு சுற்றுப்பயணத்தில் ஷாடோஸுக்கு யூகலேலியில் வாசித்துக் காட்டினார். தயாரிப்பாளர் நாரி பாராமோர் மறுபக்கப் பாட்டையே முன்னிறுத்த நினைத்தார், அவர் மகள் கேட்டுவிட்டு இதைத்தான் தேர்ந்தெடுத்தார். பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம். தொடக்கத்திலும் முடிவிலும் சீன டிரம் அடித்தது கிளிஃப் ரிச்சர்ட். வீடனின் வாசிப்பில் விரல் சுத்தம், ஆனால் ஸ்வரங்களுக்கு நடுவே காற்று இல்லை.

அமெரிக்காவில் ஷாடோஸ் எடுபடவில்லை. அங்கே 1961-இல் இரண்டாம் இடம் வரை போனது டென்மார்க்கின் யோர்கன் இங்மன், தன்மேல் தானே அடுக்கடுக்காகப் பதிந்தது. அம்பு பாய்வது போன்ற அந்தச் சறுக்கல் ஒலிகளை அடுத்துச் செய்துபார்க்க ஆசை. பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஓர் ஆக்டேவ் கீழே வாசித்து, வேகத்தைத் திரும்ப ஏற்றினால் நெருங்கிவிடலாம் என்று கணக்கு. அதற்கும் அடுத்தது இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்ட் குழுவின் 1973 பதிவு: ஜிம் கார்டனின் டிரம்ஸ், கிங் எரிசனின் பாங்கோ. நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் இரண்டு இசைத்தட்டுகளில் அந்த பிரேக்கை (தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை) நீட்டி நீட்டிப் போட்டுத்தான் ஹிப்ஹாப்காரர்களுக்கு இந்த மெட்டு போய்ச் சேர்ந்தது. அங்கே எக்கோவுக்கு வேலையே இல்லை, எல்லாம் மைக் வைக்கிற இடத்தில் இருக்கிறது.

அதற்கு முன் ரிதம் பாக்கி. ஷாடோஸின் ரிதம் கிதார்காரர் புரூஸ் வெல்ச் வாசித்தது பெரிய உடம்புள்ள கிப்ஸன் ஜே-200 அகூஸ்டிக். சின்ன உடம்பு கிதாரில் அந்த அடித்தொனி வரவில்லை. மைக்கைத் துளைக்கு நேரே வைக்காமல் 12-ஆம் ஃப்ரெட் பக்கம் நகர்த்தி, 200 ஹெர்ட்ஸ் சுற்றி 3 டெசிபல் ஏற்றிப் பார்க்க வேண்டும்.