உடம்பு முறுக்கும் முன்பே

ஊசிவழிப் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சுத்தமான ஊசி கிடைக்கிறதா என்பதோடு, எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதும் பெரிய கேள்வி. வடசென்னையில் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் ஒன்றில் ஆலோசகராக இருக்கும் எனக்கு நாள்தோறும் இதே கவலைதான். போதை இறங்கத் தொடங்கியதும் மூக்கு ஒழுகும், கால் எலும்பு குடையும், வயிறு பிரளும். அந்த வேதனையில் இருப்பவர் தொற்றைப் பற்றி யோசிக்க மாட்டார். பக்கத்தில் எந்த ஊசி கிடக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார். உடம்பு முறுக்கும் முன்பே புதிய ஊசி அவரிடம் இருந்தாக வேண்டும். பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டும் அலுவலகத்தால் இதைச் செய்ய முடியாது. எங்கள் களப்பணியாளர்கள் விடியற்காலையில் ரயில் பாதை ஓரத்துக்கும், இரவில் மேம்பாலத்தின் அடிக்கும் போகிறார்கள். அவர்களில் பலர் இதே பழக்கத்திலிருந்து மீண்டவர்கள். அவர்கள் இல்லாமல் இந்த வேலையே இல்லை.

“அக்கா, நான் யாருடைய ஊசியையும் தொடுவதில்லை” என்றார் ஒரு தம்பி. பேசப் பேசத்தான் விவரம் வந்தது. அவரும் கூட்டாளிகளுமாக நால்வரும் ஒரே மூடியில் போதை மருந்தைக் கரைத்து, ஒரே பஞ்சில் வடித்து, ஒரே டம்ளர் தண்ணீரில் ஊசியைக் கழுவியிருக்கிறார்கள். அதில் ஒருவருடைய இரத்தம் கலந்தாலே எச்.ஐ.வி. பரவ வழி உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி அதைவிட எளிதாகப் பரவும். இப்போது இளைஞர்கள் வலி நிவாரண மாத்திரைகளைப் பொடித்து ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையின் கரையாத துகள்கள் இரத்தக்குழாயை அடைத்துக் கையைப் புண்ணாக்கிவிடுகின்றன. ஏச்சுக்குப் பயந்து அவர்கள் மருத்துவமனைக்குப் போவதில்லை. நாங்கள் கட்டுப் போடுகிறோம். அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்துக்கு வரச் சம்மதிப்பவர்களில் பலர் இப்படிக் கட்டுப் போட வந்தவர்களே.

சட்டைப்பையில் ஊசி இருந்தால் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் இன்னொரு தடை. எச்.ஐ.வி. தடுப்புக்காகச் சுத்தமான ஊசி வழங்குவது குற்றமாகாது என்பதற்கு 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 22ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. தெருமுனையில் நிற்கும் காவலருக்கு அந்தப் பிரிவைச் சொல்லிப் புரியவைப்பதும் எங்கள் வேலைதான்.

ஊசியையே விட விரும்புகிறவர்களுக்கு புப்ரெநார்ஃபின் என்ற மருந்து இருக்கிறது. தொண்ணூறுகளில் சென்னையில் பலர் ஊசியில் ஏற்றிக்கொண்ட அதே மருந்து, இன்று நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரையாகச் சிகிச்சை தருகிறது. தவறாமல் எடுத்துக்கொண்டால் உடம்பு முறுக்காது, ஊசியும் தேவைப்படாது. ஆனால் பொதுவாக நாள்தோறும் சிகிச்சை மையத்துக்கு வந்து, ஊழியர் முன்னிலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். காசிமேட்டில் மீன் இறக்குகிறவர் கூலியை விட்டுவிட்டு எத்தனை நாள் வருவார்?

2020 ஊரடங்கின்போது சில நாள்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அனுமதி வந்தது. வெளியில் விற்றுவிடுவார்கள் என்ற பேச்சு அப்போதும் இருந்தது. நான் பார்த்த குடும்பங்களில் பலர் மாத்திரையைப் பொன்போலக் காத்தார்கள். “சிஸ்டர், என்னிடம் கொடுங்கள், பூட்டி வைத்து வேளைக்கு எடுத்துத் தருகிறேன்” என்று ஒருவருடைய மனைவி பொறுப்பேற்றார். அவர் கணவர் ஒரு நாள்கூட வேலையை இழக்கவில்லை. நிலையாகச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இந்த வசதி எப்போதும் தொடர வேண்டும் என்று ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் கேட்டுவருகிறேன்.