காற்றுக்கும் ஒரு செக்ரோல்

மலேசியாவின் பாகான் டத்தோ ஜெட்டியில் என்னை இன்றைக்கும் ‘கிராணி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தோட்டத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருபத்தாறு வருடம் செக்ரோல், அதாவது ஆள் வருகைக் கணக்கு, எழுதியவன். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியாமல், தூண்டில்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிற ஒரு போட்டுக்காரரிடம் (படகுக்காரரிடம்) சேர்ந்தேன். வருகிறவர்களின் பெயரை எழுதுவது, முன்பணம் வாங்குவது, ஐஸ், எண்ணெய்க் கணக்குப் பார்ப்பது, வெள்ளிக்கிழமை ராத்திரி ‘நாளைக்குப் போட்டு போகும்’ அல்லது ‘போகாது’ என்று எல்லாருக்கும் செய்தி அனுப்புவது. கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரிதான் சம்பளத்துக்கு மீறிய வேலை என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஊர் பேராக் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. முன்னால் மலாக்கா நீரிணை, முதுகுக்குப் பின்னால் தென்னையும் செம்பனையும். போட்டு பெரும்பாலும் செம்பிலான் தீவுகள் பக்கம் போகும். ஆசை மிஞ்சினவர்கள் இன்னும் தள்ளி ஜாராக் தீவுவரை கேட்பார்கள். ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ராத்திரியோடு ராத்திரியாகக் கார் ஓட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் காலை நாலு மணிக்கு ‘போட்டு போகாது’ என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

ஆரம்பத்தில் எனக்கு எல்லாம் கைப்பேசிதான். காற்றைப் பச்சையும் மஞ்சளுமாக ஓடவிடுகிற செயலி ஒன்று, எண்களைக் கட்டம் போட்டுக் காட்டுகிற செயலி ஒன்று. இரண்டும் ஒரே மாதிரிச் சொன்னால் ‘போகும்’ என்று அனுப்பிவிடுவேன். இரண்டு சாட்சி ஒத்துப்போனால் வழக்கு முடிந்தது என்ற நினைப்பு. எத்தனையோ செயலிகளுக்குப் பின்னால் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற ஒரே கணிப்புதான் இருக்கிறது என்பது அப்போது தெரியாது. என் இரண்டு சாட்சிகளும் ஒரே ஆளிடம் கேட்டுக்கொண்டு வந்தவர்கள். செயலியின் ஓரத்தில் ‘மாடல்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதை நான் பார்த்ததே இல்லை.

அது ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை. இரண்டு திரையிலும் ஆறு நாட் (கடலில் வேகத்துக்குச் சொல்கிற அளவு) காற்று, பச்சை. “வா கிராணி, நீயும் ஒரு நாளு கடலப் பாரு” என்று போட்டை ஓட்டுகிற தெக்கோங் அண்ணன் என்னையும் ஏற்றிக்கொண்டார். நாலரைக்குக் கிளம்பினோம். ஆற்று வாயைத் தாண்டும்வரை கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. ஐந்தரை வாக்கில் மேற்கே சத்தமில்லாமல் மின்னல் வெட்டியது. அப்புறம் காற்று சுத்தமாக நின்றது. புழுக்கம். அண்ணன் பீடியை அணைத்துவிட்டுத் தூண்டிலையெல்லாம் சுருட்டச் சொன்னபோது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கூரை விளிம்புபோல நீளமாக, கறுப்பாக, தாழ்வாக ஒரு மேகம் வந்தது. அதற்கு முன்னால் முகத்தில் அடித்தது, ஐஸ் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர். அடுத்த ஐந்து நிமிடத்தில் கடல் முழுக்க வெள்ளை. போட்டின் மூக்கைக் காற்றுக்கு நேராகப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் நின்றோம். ஒருவருடைய மீன்பெட்டி பறந்தது, இன்னொருவர் வாந்தி எடுத்தார். நான் மாரியம்மாவைக் கூப்பிட்டேன். பிளாஸ்டிக் பைக்குள் இருந்த என் கைப்பேசியில் முந்தின ராத்திரி பார்த்த திரை அப்படியே நின்றது. பச்சை, ஆறு நாட்.

கரைக்கு வந்ததும் அண்ணன் என்னைத் திட்டவில்லை. “அது சுமத்ரா, கிராணி. ஒம் போனுக்கு அவனத் தெரியாது” என்றார். அவ்வளவுதான்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. ராத்திரியில் எதிர்க்கரையில் இருக்கிற சுமத்ராத் தீவிலும் நீரிணையிலும் எழும் இடிமேகங்கள் ஒரே வரிசையாகச் சேர்ந்து கிழக்கே நகரும். நம் மேற்குக் கரையை விடியலை ஒட்டித் தொடும். ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை இதன் காலம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர்வரை போகும். ஆறு நாட் என்பது மணிக்கு 11 கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு மீன்பெட்டி பறக்க நிறைய இடம் இருக்கிறது.

கணினி பொய் சொல்லவில்லை. ஜிஎஃப்எஸ் உலகத்தைச் சுமார் 13 கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போடுகிறது. ஐரோப்பியர்களின் இசிஎம்டபிள்யூஎஃப் சுமார் 9 கிலோமீட்டர். ஒரு தனி இடிமேகம் அந்தக் கட்டத்துக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். செயலியோ கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் வண்ணத்தை வழவழவென்று தடவிக் காட்டுகிறது. நாம் நம் ஜெட்டிக்கென்றே யாரோ அளந்து சொன்னதாக நினைத்துக்கொள்கிறோம். முதலில் தெரிகிற எண் தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்துச் சராசரிக் காற்று. திடீர் வீச்சுக்கு வேறு எண், அடுத்த வரியில். அதை நான் ஒரு நாளும் படித்ததில்லை.

இதே செயலியைக் கிழக்குக் கரையில் குவாந்தானில் இருக்கிற என் சித்தப்பா மகன் சாமியை நம்புகிற மாதிரி நம்புகிறான். அவன் நம்பிக்கையிலும் தப்பில்லை. டிசம்பரில் தென்சீனக் கடலில் வருகிற பருவக்காற்று நூற்றுக்கணக்கான மைல் அகலத்துக்கு வரும். அது கட்டத்துக்குள் ஒளியாது, மூன்று நாலு நாள் முன்னாலேயே தெரிந்துவிடும். வானிலை ஆய்வுத் துறையும் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் என்றால் முதல் வகை, 50 முதல் 60 என்றால் இரண்டாம் வகை, அதற்கு மேலே மூன்றாம் வகை என்று அதற்கு எச்சரிக்கை போடும். எங்கள் பக்கம் சுமத்ராவும் தீபகற்பமும் இரண்டு பக்கமும் மறைத்து நிற்பதால் அந்த மாதிரிக் காற்று அபூர்வம். இங்கே வருவதெல்லாம் பகலில் கடல்காற்று, ராத்திரியில் நிலக்காற்று, நடுவில் இந்த இடிக்காற்று. ‘செயலியை நம்பலாமா’ என்று யாராவது கேட்டால் எந்தக் கடலில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த ஜூலைக்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பழைய செக்ரோல் நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். ஆள் பெயர் வருகிற இடத்தில் ஜிஎஃப்எஸ், இசிஎம்டபிள்யூஎஃப், ஜெர்மன்காரர்களின் ஐகான், நம் வானிலைத் துறை என்று நாலு பேர். மேலே தேதி. ராத்திரி பத்து மணிக்கு அவரவர் சொன்னதை எழுதுவேன். மறுநாள் போட்டு திரும்பியதும் நடந்ததை எழுதுவேன். சரியாகச் சொன்னவனுக்கு ஒன்று, திசை சரியாகி வேகம் தப்பினால் அரை, மற்றபடி சைபர். தோட்டத்தில் ஆள் கணக்குப் போட்ட மாதிரியேதான்.

நடந்ததை அளக்க எங்களிடம் காற்றுமானி கிடையாது. அண்ணனின் கண்தான். ‘வெள்ள எட்டிப் பாக்குது’ என்றால் அங்கொன்றும் இங்கொன்றும் நுரை, 7 முதல் 10 நாட். ‘வெள்ள ஓடுது’ என்றால் நெடுகிலும் நுரை, 11 முதல் 16. 1805இல் பிரிட்டிஷ் கடற்படைக்காரர் பிரான்சிஸ் போஃபர்ட் வகுக்கத் தொடங்கிய அளவில் இவை மூன்றாவதும் நாலாவதும் படிகள். அண்ணன் போஃபர்ட்டைக் கேள்விப்பட்டதில்லை.

நாலைந்து மாதத்தில் நோட்டு பேச ஆரம்பித்தது. பகல் பதினொரு மணிக்குமேல் வருகிற கடல்காற்றை எல்லாருமே நன்றாகச் சொன்னார்கள். ஆற்று வாயில் மட்டும் எல்லாருமே குறைத்துச் சொன்னார்கள். அந்தக் கட்டத்தில் பாதி கண்டல் காடும் செம்பனையும் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். நிலத்தின் மேல் காற்று தேய்ந்து மெலியும், அந்தத் தேய்மானத்தைக் கடலுக்கும் சேர்த்துக் கணக்கில் வைத்துவிடுகிறது. விடியற்காலை இடிக்காற்று என்று வந்த நாட்களில் முதல் மூன்று பேருக்கும் வரிசையாக சைபர். வானிலைத் துறைக்காரர் மட்டும் தப்பித்தார். இடியைப் பற்றி அவர் ராத்திரி பத்து மணிக்கு ஒன்றும் சொல்லமாட்டார், இடி கட்டுவதைக் கண்ட பிறகுதான் எச்சரிக்கை விடுவார், அதுவும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வாக்குக் கொடுக்கமாட்டார். முதலில் இது என்ன அரைகுறை என்று நினைத்தேன். தெரிந்த அளவுக்கு மட்டும் பேசுகிற ஆள் என்று மெதுவாகத்தான் மரியாதை வந்தது.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. அதே பத்து நாட் மேற்குக் காற்று ஒரு நாள் தாலாட்டும், ஒரு நாள் உடம்பைப் பிரித்துவிடும். அது காற்றின் குற்றம் இல்லை. ஆற்றுத் தண்ணீர் இறங்கும் நேரத்தில் எதிரே காற்று வந்தால் வாயிலேயே அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். தண்ணீர் ஏறும் நேரமென்றால் ஒன்றும் இருக்காது. அதனால் நீரேற்ற அட்டவணையும் நோட்டில் ஒட்டப்பட்டது.

இதையெல்லாம் எழுதும்போது அப்பா ஞாபகம் வரும். பால்மரக் (ரப்பர்) காலத்தில் அவர் மண்டோர், தோட்டத்துக் கங்காணி. ராத்திரி மழை பெய்திருந்தால் காலையில் ஆள் கூடுகிற பெரட்டில் நின்று ‘இன்னைக்கு வெட்டு உண்டா’ என்று நாற்பது பேர் அவர் வாயைப் பார்ப்பார்கள். அப்பா வானத்தைப் பார்க்கமாட்டார். டார்ச் லைட்டோடு முதல் நிரைக்குப் போய் மூன்று மரத்தில் வெட்டுப்பட்டையை உள்ளங்கையால் தடவுவார். பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். மழை வருமா என்பது அவருக்குக் கேள்வியே இல்லை, பட்டை காய்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெட்டு இல்லை என்றால் அந்த நாற்பது பேர் வீட்டு அரிசியில் அன்றைக்கு ஒரு பிடி குறையும். அது தெரிந்துதான் மூன்று மரத்தைத் தொட்டார், ஒன்றோடு நிறுத்தவில்லை.

இப்போது என் முறை இதுதான். புதன்கிழமையே பார்க்க ஆரம்பிப்பேன், ஆனால் எண்ணை எழுதிவைப்பேனே தவிர நம்பமாட்டேன். ஒவ்வொரு கணிப்பும் புதிதாக வரும்போது முந்தினதிலிருந்து எவ்வளவு மாறியது என்று பார்ப்பேன். நாளுக்கொரு பேச்சுப் பேசுகிறவனிடம் முன்பணம் கொடுப்போமா? கணக்கு ஓடத் தொடங்கும் நேரம் நம் கடிகாரத்தில் காலை எட்டு, மத்தியானம் இரண்டு, ராத்திரி எட்டு, விடியற்காலை இரண்டு, முடிவு வந்து சேர மேலும் சில மணி நேரம் ஆகும். அதனால் ராத்திரி பத்து மணிக்கு நான் பார்ப்பது பெரும்பாலும் மத்தியானத்துச் சரக்கு. கிளம்புவதற்கு முன்னால் மூன்றரைக்குச் செயலியை விட்டுவிட்டு ரேடார் படத்தைத் திறப்பேன். ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்புகிறது, அதையும் பார்ப்பேன். அது கணிப்பு இல்லை, பட்டையைத் தடவுகிற வேலை.

போன வாரம் மூன்றரைக்கு ரேடாரில் நீரிணை நடுவே ஒரு சிவப்புக் கோடு. செயலிகள் நாலு நாட் என்றன. அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். போட்டு நிற்கும் என்று சொல்லிவிட்டேன். ஈப்போக்காரர்கள் ஐந்து பேரும் கோப்பிக்கடையில் உட்கார்ந்து என் காதுபடவே என்னைப் பேசினார்கள். ஏழு மணிவரை இலைகூட ஆடவில்லை. பளபளவென்று விடிந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஆளுக்கு எண்ணி.

நோட்டை எடுத்து என் பெயருக்கு நேராக சைபர் போட்டு, ‘காற்று வரவில்லை’ என்று எழுதினேன். நாலு பேருக்குக் கீழே ஐந்தாவதாக என் பெயரும் எப்போதோ ஏறியிருந்தது. அண்ணன் ரொட்டி சானாயைப் பிய்த்தபடி எட்டிப் பார்த்தார். தெற்கே சபாக் பெர்ணம் பக்கம் இருக்கிற அவர் மச்சான் அப்போதுதான் போன் செய்திருந்தான். அங்கே ஆறு மணிக்கு அடித்த அடியில் வலை காயப்போட்ட கொட்டகையின் தகரம் போய்விட்டதாம்.

“வரலன்னு எழுதாத, கிராணி” என்றார். “இங்க வரலன்னு எழுது.”