சிவப்பு சுவிட்சுக்குப் பின்னால் இருந்த ஒரே ஓர் இணைப்பு

அத்தை நியூ ஜெர்சியிலிருந்து வீட்டுச் சாமான்களோடு கொண்டுவந்த மேசைக் கணினி, திருச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நொடிகூட ஓடவில்லை. சுவர் சுவிட்சைத் தட்டியவன் நான்தான். பட்டென்று ஒரு சத்தம். பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியாக வெண்புகை. கூடம் முழுக்க மீன்கவிச்சி போன்ற நெடி. கணினியின் பொத்தானை இன்னும் தொடவே இல்லை. இந்தக் கடைசி விவரம் பிறகு முக்கியமாயிற்று.

"என்னப்பா, போய்விட்டதா?" என்று அத்தை கேட்டார். மாமா இருந்தபோது வாங்கிய கணினி அது. சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைப் புதிதாக வாங்கி மாட்டியிருக்கலாம்தான். ஆனால் வெடித்ததைத் திறந்து, ஏன் வெடித்தது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

பின்பக்கத்தில், மின்கம்பி செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நகர்த்து சுவிட்ச். அதில் 115 என்று தெரிந்தது. அமெரிக்க பிளக் நம் சாக்கெட்டில் நுழையாது. அதுவே ஒரு காவல். ஆனால் கணினிப் பக்கம் செருகும் முனை உலகம் முழுக்க ஒன்றுதான். மேசை இழுப்பறையில் கிடந்த நம் ஊர் கம்பியை எடுத்து மாட்டியதும் அந்தக் காவல் போய்விட்டது. அன்று காலைதான் அத்தையின் லேப்டாப் சார்ஜரைப் பார்த்து, "இது இங்கேயும் ஓடும்" என்று சொல்லியிருந்தேன். அதில் 100–240 என்று நடுவில் கோடு இருந்தது. கணினியின் எஸ்எம்பிஎஸ் சீட்டில் 115/230 என்று சாய்கோடு. முதலாவது, இந்த எல்லைக்குள் எதுவானாலும் சரி என்கிறது. இரண்டாவது, இரண்டில் ஒன்றை நீ தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. இந்த வித்தியாசத்தை இனி எந்தக் கருவியிலும் பார்க்காமல் விடமாட்டேன்.

முதல் ஞாயிறு மூடியைக் கழற்றினேன். உள்ளே கட்டைவிரல் பருமனில், மின்னூட்டத்தைச் சேமிக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள், ஒவ்வொன்றும் 200 வோல்ட், 680 மைக்ரோஃபாரட். ஒன்றின் தலை பிளந்து, ஈரக் காகிதமும் அலுமினியத் தாளும் மின்விசிறி வரை சிதறியிருந்தன. மற்றொன்று வெடிக்கவில்லை, ஆனால் தலை குடைபோல உப்பியிருந்தது. பியூஸ் கண்ணாடி கறுத்துப்போயிருந்தது. மிகையழுத்தத்தைத் தடுக்கும் வேரிஸ்டர்களுக்கு போர்டில் இரண்டு இடம் அச்சிடப்பட்டிருந்தது, பாகங்கள் இல்லை. செலவைக் குறைக்க விட்டுவிட்டார்கள். அவை இருந்திருந்தால் அநேகமாக பியூஸ் மட்டுமே போயிருக்கும். சில ரூபாய் மிச்சத்துக்காக இதைச் செய்வது எனக்கு ஏற்கவே முடியாத காரியம்.

பல ஆண்டுகளாக நான் நினைத்திருந்தது, அந்தச் சிவப்பு சுவிட்ச் உள்ளே வரும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது என்று. மல்டிமீட்டரை வைத்துத் தடம் பிடித்தபோதுதான் உண்மை தெரிந்தது. சுவிட்சிலிருந்து இரண்டே கம்பிகள். ஒன்று, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டயோடு பிரிட்ஜில், மாறுமின்சாரம் நுழையும் கால்களில் ஒன்றுக்குப் போகிறது. மற்றொன்று, வரிசையாக இணைந்த அந்த இரண்டு கெப்பாசிட்டர்களின் நடுப்புள்ளிக்குப் போகிறது. 230 நிலையில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. பிரிட்ஜ் வழக்கம்போல நேர்மின்சாரமாக மாற்றுகிறது, 230ஐ 1.414ஆல் பெருக்கினால் வரும் உச்ச அழுத்தமான சுமார் 325 வோல்ட், இரண்டு கெப்பாசிட்டர்களுக்கும் பாதிப் பாதி. 115 நிலையில் சுவிட்ச் அந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்துவிடுகிறது. அப்போது ஓர் அரைச்சுற்று மேல் கெப்பாசிட்டரை நிரப்புகிறது, அடுத்த அரைச்சுற்று கீழ் கெப்பாசிட்டரை நிரப்புகிறது. ஒவ்வொன்றிலும் 163, கூட்டினால் அதே 325. இரண்டு நாட்டிலும் அதற்குப் பின்னால் இருக்கும் மின்சுற்றுக்குக் கிடைப்பது ஒரே அளவு. ஓர் இணைப்பைச் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இவ்வளவு பெரிய வேலையை முடித்த அந்த வடிவமைப்பை நான் மனதார மதிக்கிறேன்.

இணைந்த நிலையில் 230ஐக் கொடுத்தால் என்ன ஆகும் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. 200 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றுக்கும் 325. மொத்தம் 650. மாறாக, 230 நிலையில் வைத்து 115ஐக் கொடுத்தால் பொதுவாக எதுவும் கெடாது; போதிய அழுத்தம் இல்லாமல் கணினி எழாது, அவ்வளவுதான். ஆபத்து ஒரு பக்கம் மட்டுமே.

பெரிய வெப்பத்தகட்டில் இருந்த இரண்டு 13007 டிரான்சிஸ்டர்களைக் கழற்றிச் சோதித்தேன். இரண்டும் நன்றாக இருந்தன! ஒரு மணி நேரம் யோசித்தபின் காரணம் பிடிபட்டது. பொத்தானை அழுத்தும் வரை அவை இயங்குவதில்லை. அணைந்த நிலையில் இரண்டும் அந்த 650ஐப் பங்குபோட்டுக்கொண்டு தப்பித்திருக்கின்றன. ஆனால் சுவரில் மின்சாரம் வந்ததுமே விழித்துக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு. ஊதா நிறக் கம்பியில் எப்போதும் 5 வோல்ட் தருகிற காத்திருப்புப் பகுதி. அதில் சுவிட்ச் போல இயங்கும் 600 வோல்ட் மாஸ்பெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) ஒற்றையாளாக முழு அழுத்தத்தையும் ஏற்று, உள்ளே உருகி ஒட்டியிருந்தது. அதோடு அதன் சோர்ஸ் என்ற காலில் இணைந்திருந்த ரெசிஸ்டரும் பக்கத்திலிருந்த சிறு டிரான்சிஸ்டரும், பிரிட்ஜில் ஒரு டயோடும் போயிருந்தன.

சென்னை போக வேண்டிய வேலை இருந்ததால் பாகங்களை ரிச்சி தெருவில் வாங்கினேன். கடையில் இருந்த பெரியவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தம்பி, கெப்பாசிட்டர் மட்டும் பழைய போர்டில் கழற்றியது வேண்டாம். இரண்டையும் ஒரே கம்பெனியில் புதிதாக வாங்குங்கள்" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். காத்திருப்புப் பகுதியில் 10 மைக்ரோஃபாரட் சிறு கெப்பாசிட்டர் ஒன்றையும் கூடவே மாற்றினேன். இந்த வகைச் சுற்றில் அது காய்ந்துபோனால் 5 வோல்ட் எகிறி மதர்போர்டையே கொன்றுவிடும்.

அடுத்த சனிக்கிழமை புதிய பாகங்களைப் பற்றவைத்து முடித்து, நேரடியாக மின்சாரம் கொடுக்காமல் 100 வாட் குண்டு பல்பை வரிசையில் வைத்துக் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் பளிச்சென எரிந்து மங்கியது. உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் அது மங்கியிருக்காது. மனம் நிம்மதியடைந்தது. அன்று வீட்டில் 238 வோல்ட். இரண்டு கெப்பாசிட்டர்களிலும் அளந்தால் ஒன்றில் 152, மற்றதில் 183. இது சமமாக இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் வேகமாக இறங்கி, பிறகு நத்தைபோல ஊர்ந்தது. 2.2 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, மிச்சத்தை வடித்து, மீட்டர் சுழியம் காட்டிய பிறகே கை வைத்தேன். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் யாரும் இதற்குள் விரல் விடக் கூடாது. கெப்பாசிட்டர்களின் குறுக்கே, அழுத்தத்தைச் சமமாகப் பங்கிடவும் பிறகு வடிக்கவும் உள்ள 220 கிலோஓம் ரெசிஸ்டர்களில் ஒன்று முற்றிலும் அறுந்திருந்தது. இரண்டையும் மாற்றினேன். இப்போது 167, 169.

பிறகு சிவப்பு சுவிட்ச். அதன் இரண்டு கம்பிகளையும் போர்டிலிருந்தே கழற்றிவிட்டேன். 230 நிலையில் அங்கே தொடர்பு இல்லை என்பதால், கம்பி இல்லாத போர்டும் 230இல் நிலைத்த போர்டும் ஒன்றே. பாதியில் வெட்டித் தொங்கவிடுவது எனக்கு ஒப்பவில்லை. நாளை இன்னொருவர் அதை ஒட்டிப் பார்க்கக்கூடும். சுவிட்ச் இருந்த துளையை உள்ளிருந்து ஃபைபர் தகட்டால் மூடி, வெளியே "230 மட்டும்" என்று எழுதி ஒட்டினேன்.

கணினியின் பொத்தானுக்குப் பதிலாக, எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்ததும் மின்விசிறி சுழன்றது. 12 வோல்ட்டில் ஒரு கார் முகப்பு பல்பைச் சுமையாகப் போட்டேன். 12 வோல்ட் 11.6க்கு இறங்கியது, 5 வோல்ட் 5.2க்கு ஏறியது. பழைய எஸ்எம்பிஎஸ்களில் இரண்டையும் சேர்த்தே கட்டுப்படுத்துவதால் ஒன்றில் மட்டும் சுமை ஏற்றினால் இப்படித்தான் சாயும். 5 வோல்ட்டிலும் ஒரு சுமை கொடுத்தபின் 12.05, 5.06. இரண்டு மணி நேரம் ஓடவிட்டு ஒவ்வொரு கால்மணிக்கும் அளந்தேன்; அசையவில்லை.

ஞாயிறு மாலை அத்தையையே பொத்தானை அழுத்தச் சொன்னேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன; தேதி தவறு என்று சொல்லி நின்றது. மதர்போர்டின் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதியைக் கையால் கொடுத்து உள்ளே போனோம். பேட்டரி நாளை வாங்க வேண்டும்.