மொழி வேறு, ஊர் வேறு, விசைப்பலகை வேறு

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருப் படிப்பகக் கணினிக்கு நேற்று இரவு புதிய இயங்குதளம் நிறுவினேன். இடம் கேரளம் என்றதும் அதுவாகவே மலையாளத்துக்குத் தாவியது. மலையாளம் எங்களுக்கு அந்நியமில்லை. பள்ளியிலும் பஸ்ஸிலும் அதுதான். ஆனால் வீட்டில் தமிழ். ஊரை வைத்து மொழியை ஊகிக்க யார் சொன்னது?

நிறுவிகளை வடிவமைக்கும் நண்பர்களே, மொழி, இடம், விசைப்பலகை மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் நிறுவி முதலில் மொழி, பிறகு இடம், பிறகு விசைப்பலகை என்று கேட்கிறது. அந்த வரிசை சரி.

விசைப்பலகைதான் பெரிய சிக்கல். 'தமிழ்' என்ற ஒற்றைப் பெயர் போதாது. தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசை அமைப்பில் 'க' இருப்பது ஆங்கில எச் விசையில். இந்திய மொழிகளுக்கான பொது விசை அமைப்பான இன்ஸ்கிரிப்டில் கே விசையில். இன்ஸ்கிரிப்டில் மலையாள 'க'வுக்கும் அதே கே விசைதான். இரு மொழியிலும் தட்டச்சு செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு வசதி! நான் தமிழ்99காரன், இருந்தும் இதை ஒப்புக்கொள்கிறேன்.

கடவுச்சொல்லை ஆங்கிலத்தில் வைத்தேன். மறுதொடக்கத்துக்குப் பிறகு நுழைவுத் திரையில் தமிழ் மட்டுமே விழுந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றும் விசை எது என்று எங்கும் எழுதவில்லை. படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பதினொரு மணிவரை சாவியோடு காத்திருந்தார். கடவுச்சொல் கேட்கும் முன்பே தட்டிப் பார்க்க ஒரு பெட்டி, மாற்றுவிசையின் பெயர், இரண்டையும் அதே திரையில் வையுங்கள்.

இன்று மாலை மறுபடி நிறுவப் போகிறேன்.