அப்பாவின் டிராக்டரும் 16 பல் கியரும்

அக்கா மகன் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் தன் லெகோ டெக்னிக் பெட்டியை (துளை போட்ட பிளாஸ்டிக் சட்டம், அச்சு, கியர் எல்லாம் பூட்டி வண்டி செய்யும் பொம்மை) எங்கள் வீட்டில் தள்ளிவிட்டுப் போய்விட்டான். உள்ளே பாதி பிரிந்த ஒரு கிரேன். கையேடு இல்லை. தூக்கிப் போட மனசில்லாமல், நாமே ஒரு வண்டி செய்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் லாரி உதிரிப்பாகக் கடையில் கணக்குப் பார்க்கிறவள். நாள் முழுக்க பேரிங், கிளட்ச் பிளேட் என்று ரசீது எழுதுகிறேன். அவை வண்டிக்குள் என்ன செய்கின்றன என்று கேட்டால் முழிப்பேன்.

ஆசைக்கு ஸ்போர்ட்ஸ் காடியில் ஆரம்பித்தேன். வெளிக்கூட்டை வளைத்து வளைத்துக் கட்டி முடித்த பிறகு ஸ்டியரிங் வைக்க இடம் தேடினால், விரல் நுழையக்கூட வழியில்லை. எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினேன். சாய்வு நாற்காலியில் இருந்த அப்பா, "ஏறிப் பார்க்காத காடிய எதுக்குமா செய்ற? நம்ம டிராக்டர செய்" என்றார்.

அப்பா 20 வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். செம்பனைக் குலைகளை டிரெய்லரில் ஏற்றி ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவார். டெக்னிக் வகை முதலில் விற்பனைக்கு வந்தது 1977-இல். அந்த வருஷம் அப்பாவுக்கு 17 வயது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் சொன்னது நல்ல யோசனை. டிராக்டரில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. பின்னால் ஸ்பிரிங் கிடையாது. முன் அச்சு நடுவில் ஒரே முளையில் தொங்கும், பள்ளம் மேட்டுக்கு ஏற்றபடி ஊஞ்சல் மாதிரி சாயும். ஒரு அச்சு, ஒரு முளை, அவ்வளவுதான். பாயைச் சுருட்டி அதன்மேல் உருட்டியபோது நான்கு சக்கரமும் தரையை விடாமல் ஏறி இறங்கியது. அன்று இரவு சாப்பாடு ஆறிப்போனது.

கியரில்தான் மாட்டிக்கொண்டேன். 8 பல்லையும் 24 பல்லையும் இரண்டு துளை தள்ளி வைத்தால் சொகுசாகக் கடிக்கும். 8-க்கு 40 என்றால் மூன்று துளை. சரி, 8-க்கு 16 வைப்போம் என்று ஒரு ராத்திரி முழுக்க முயன்றேன். பக்கத்துத் துளையில் முட்டும், அடுத்த துளையில் எட்டாது. துளைக்குத் துளை 8 மில்லிமீட்டர். 8 பல் கியரின் ஆரம் 4, 16 பல்லுக்கு 8, கூட்டினால் 12. ஒன்றரைத் துளை! நேர் வரிசையில் அப்படி ஓர் இடமே கிடையாது. கணக்குப்பிள்ளைக்கு இந்தக் கூட்டல் விடியற்காலை இரண்டு மணிக்குத்தான் உதித்தது.

இன்னொன்று, அச்சை ஒரு பக்கம் மட்டும் தாங்க விடாதீர்கள். பாரம் வந்தால் வளைந்து, பல் தாண்டி 'டக் டக்' என்று கத்தும். இரண்டு பக்கமும் பீம், அதாவது துளைச் சட்டம், வேண்டும். அப்புறம், அச்சு நகராமல் பிடிக்கும் சின்ன வளையமான புஷ்ஷை இறுக்கி அழுத்திவிட்டு ஒரு மயிரிழை பின்வாங்குங்கள். விரலால் சுண்டினால் அச்சு தானாக இரண்டு சுற்றாவது ஓடவேண்டும். ஓடாவிட்டால் மோட்டாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் கணினியிலேயே கட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் திரையில் எதற்கும் எடை இல்லை, எனக்கு அது பிடிபடவில்லை.

பின் அச்சுக்கு டிஃபரென்ஷியல் போட்டேன், இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்க்கூடு. என்னிடம் இருப்பது சின்னக் கூடு, உள்ளே 12 பல் கியர் மூன்று. மாட்டிவிட்டு வலது சக்கரத்தை முன்னால் சுற்றினால், இடது சக்கரம் பின்னால் சுற்றியது. தலைகீழாக மாட்டிவிட்டேன் என்று மூன்று முறை கழற்றினேன்.

அப்பா கையில் வாங்கிப் பார்த்தார். "அது அப்படித்தாம்மா சுத்தணும். வளைவுல வெளிச்சக்கரம் கூடத் தூரம் போகணும்ல, ரெண்டையும் ஒரே அச்சுல பூட்டுனா எப்படித் திரும்பும்?" என்றவர், ஒரு சக்கரத்தை மட்டும் மேசையிலிருந்து தூக்கிப் பிடித்து, "மோட்டாரப் போடு" என்றார். தூக்கிய சக்கரம் வெறுமனே சுழன்றது. தரையில் இருந்தது அசையவே இல்லை.

"மழைக்காலத்துல சேத்துல இப்படித்தான் நிக்கும். குலை ஏத்திட்டு நடுக்காட்டுல நிப்பேன்."

"அப்புறம் எப்படி வெளிய வருவீங்க?"

டிஃப் லாக்காம். மிதித்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வெளியே வந்ததும் காலை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வண்டி திரும்பாது. இப்போது அந்தப் பூட்டை வைக்கத்தான் போராடுகிறேன். இரண்டு துளை அகலம் குறைகிறது, சட்டத்தையே மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

மிதி எங்கே இருக்கும் என்று கேட்டேன். அப்பா வாயால் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலிக்குக் கீழே வலது குதிகாலைப் பின்னால் இழுத்து, தரையில் ஒரு இடத்தில் அழுத்தினார்.